கேட்டு திறக்கும் முன்னே

அத்தியாயம் 11

மலர்கொடியும் ரேணுகாவும் முகம் பார்த்துப் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்பது வாரா வாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம். இருவரும் ஓரகத்திகள். அண்ணன் பலராமனின் மனைவி ரேணுகா, தம்பி புருஷோத்தமனின் மனைவி மலர்கொடி. மரக்காணத்துக்குக் கிழக்கே, கடலுக்குப் பக்கத்தில், ஒரே வாசலில் இரண்டு குடித்தனம்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வாசலுக்கு நடுவே ஆளுயரத்துக்குச் சுவர் எழும்பியது. பார்த்துக்கொள் என்று விட்டுப்போன மலர்கொடியின் இரண்டு பெண்களையும் வீட்டுக்குள்ளேயே விட்டுவிட்டு, ரேணுகா தன் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். மீன்காரர் மாயவன் கூரையைப் பிய்த்து உள்ளே இறங்கித் தூக்கி வந்ததால் இரண்டும் பிழைத்தன. இல்லையென்றால் இந்தக் கதையில் அவர்களுக்கு வேலையே இருந்திருக்காது.

அப்படித்தான் ஊர் சொன்னது. ஊருக்கு அப்படிச் சொன்னவள் மலர்கொடி.

அன்றிலிருந்து அவள் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போவதில்லை. உப்பளத்து வேலையோ இருட்டோடு தொடங்குவது. வெயில் ஏற ஏறப் பாத்தியில் நிற்பது கஷ்டம், உப்பு கண்ணைப் பறிக்கும். ஆகவே பெரியவள் வினோதினியைக் கையில் பிடித்துக்கொண்டு, சின்னவள் செந்தமிழைத் தூக்கத்தோடு இடுப்பில் வைத்துக்கொண்டு, பாண்டி ரோட்டைத் தாண்டி மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு வருவாள். கேட்டு பூட்டியிருக்கும். வெளியே பூவரச மரத்தடியில் ஒரு சிமெண்டுப் படி. அதில் சாக்கை விரித்து இரண்டு பேரையும் உட்கார வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மேற்கே நடப்பாள். திரும்பிப் பார்த்தால் போக முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

கடல் எவ்வளவு பொங்கினாலும் பாண்டி ரோட்டைத் தாண்டாது. அவள் கணக்கு அவ்வளவுதான். நாய் வரும், பனி விழும், குடித்துவிட்டுப் போகிறவன் வருவான் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் கிடையாது.

விதிக்கும் பொழுது போக வேண்டும் போலிருக்கிறது. போன ஜூனில் அந்தப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கு உதவியாளாக ரேணுகாவுக்கு வேலை கிடைத்தது. காவல்காரர் இல்லாத பள்ளிக்கூடம். காலையில் முதலில் வருகிறவள் அவள்தான் என்பதால் கேட்டுச் சாவியும் அவள் கைக்குப் போனது. மலர்கொடி பல்லைக் கடித்துக்கொண்டாள். மகள்களிடம் மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வைத்தாள். பெரியம்மா கூப்பிட்டால் போகக் கூடாது, குடுத்தால் வாங்கக் கூடாது, தாகமெடுத்துச் செத்தாலும் அவள் கையால் தண்ணீர் குடிக்கக் கூடாது.

சரி, இன்றைய பொழுதுக்கு வருவோம்.

பங்குனி மாதத்து இருட்டு. பூவரச மரத்தடிக்கு வந்தபோது படியில் ஏற்கெனவே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது தெரிந்து மலர்கொடி நின்றாள். ஆள் எழுந்தது. இடுப்பில் சாவிக்கொத்து சத்தம் போட்டது.

“நில்லு மலரு” என்றாள் ரேணுகா. “இனிமே இருட்டுல கொண்டாந்து உட்டுட்டுப் போவக் கூடாதாம். பெரிய டீச்சரு சொல்லச் சொன்னாங்க. உன்னையும் வந்து பாக்கச் சொன்னாங்க.”

இத்தனை நாள் கழித்துக் கேட்கும் குரல். மலர்கொடி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பூவரச மரத்தைப் பார்த்துப் பேசினாள். யார் போய் வத்தி வைத்தது என்று மரத்தைக் கேட்டாள்.

யார் வைத்தால் என்ன, எட்டு மணிக்கு மேல் கூட்டி வந்தால் கேட்டு திறந்திருக்கும் என்றாள் ரேணுகா. சொல்லும்போது அவள் கண் ஒரு நொடி வினோதினி பக்கம் போய்த் திரும்பியதை மலர்கொடி கவனித்திருக்கலாம். கோபம் அவளைக் கவனிக்க விடவில்லை.

“எட்டு மணிக்கு வந்துட்டு நான் உப்பளத்துல போயி வேடிக்கையா பாக்கறது? எம்புள்ளைங்க தெருவுல குந்தினு இருக்கறதே உன்னாலதான். கையில ஒரு சாவியக் குடுத்துட்டாங்கன்னு ரொம்ப ஆடாத.”

“சாவியப் பத்தி நீ பேசாத மலரு.”

ரேணுகா இதைக் கத்திச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். மலர்கொடி அவசரமாகச் சாக்கை உதறி விரித்தாள். செந்தமிழைப் படியில் இறக்கினாள். வினோதினி உட்காரவில்லை. உட்கார் என்று அதட்டியும் உட்காரவில்லை, சாப்பாட்டுத் தூக்கை மட்டும் வாங்கிக்கொண்டு நின்றாள். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு திமிர் எங்கிருந்து வந்தது என்று மனசுக்குள் வைதபடியே மலர்கொடி மேற்கே நடந்தாள். நடந்தாள் என்ன, ஓடினாள்.

உப்பளத்தில் பெண்களுக்கு வேலை ஜோடி ஜோடியாகத்தான். ஆண்கள் வாரிக் குவித்த உப்பைக் கூடையில் அள்ளிக் கரையில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ஈர உப்புக் கூடையை ஒருத்தி தனியாகத் தலைக்கு ஏற்றிக்கொள்ள முடியாது. இவள் அவளுக்குத் தூக்கிவிட வேண்டும், அவள் இவளுக்குத் தூக்கிவிட வேண்டும். ஜோடியில் ஒருத்தி வராவிட்டால் இன்னொருத்திக்கும் வேலை நின்றது.

மலர்கொடியின் ஜோடி வேலம்மாள். நல்ல மனுஷிதான், ஆனால் அன்றைக்குத் தாமதமாக வந்ததற்கு வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். கூடையில் உப்பை அள்ளி வைத்துக்கொண்டு தூக்கிவிட ஆளில்லாமல் நின்றவளுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? உன் வீட்டுச் சண்டைக்கு என் பிழைப்பு என்ன பலியா என்று கேட்டாள். அனுமந்தையிலிருந்து ஒருத்தி தினம் வந்து வேலை கேட்டுக்கொண்டு நிற்கிறாள், மேஸ்திரி அவளுக்கு இன்னும் இல்லை என்று சொல்லவில்லை, தெரிந்துகொள் என்றாள்.

மலர்கொடி கூடை சுமந்தாள். கால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறி எரிந்தது. அதைவிட அந்தச் சாவி என்ற சொல்தான் எரிந்தது. ரேணுகாவுக்கு எவ்வளவு தெரியும்? தெரிந்தால் இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தாள்? வெயில் நன்றாக ஏறியபோது அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, பள்ளிக்கூடம் வரை போய்விட்டு வருகிறேன் என்றாள்.

“போயேன்” என்றாள் வேலம்மாள். “திரும்பி வரும்போது என் ஜோடி வேற ஆளா இருக்கும். அப்பறம் என்னைச் சொல்லாத.”

மலர்கொடி போனாள்.

பெரிய டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தபடி அவளை ஏற இறங்கப் பார்த்தார். முழங்கால் வரை காய்ந்த சேறும் உப்பும். உட்காரச் சொல்லவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார். பள்ளிக்கூடம் திறக்கும் முன்னே, கேட்டுக்கு வெளியே, இருட்டில் இரண்டு பெண் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டுப் போவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். நாளைக்கு ஒன்று ஆனால் எல்லாரும் என்னைத்தானே கேட்பார்கள் என்றார். மலர்கொடி குறுக்கே புகுந்து, இதெல்லாம் ரேணுகா வேலை, அவளுக்குப் பழைய பகை, அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டு நீங்கள் இப்படிச் செய்யலாமா என்று ஆரம்பித்தாள்.

பெரிய டீச்சர் கையை உயர்த்தினார்.

“ரேணுகா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலம்மா. நேத்து ரீசஸ்ல வந்து சொன்னது உன் பொண்ணு வினோதினிதான். எங்க அம்மாவை இனிமே எங்களை இங்க விட வேணாம்னு சொல்லுங்க டீச்சர், நான் சொன்னா அடிப்பாங்கன்னு அழுதா.”

மலர்கொடிக்கு அதை நம்பச் சில நொடி ஆயிற்று. நம்பியதும் அவளுக்கு மகள் மேல் வரவேண்டிய கோபமும் ரேணுகா மேலேயே போய் விழுந்தது. சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் தானாகத் தெரியுமா? சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பெற்ற பெண்ணைத் தாய்க்கு எதிராகத் திருப்பிவிட்டிருக்கிறாள்.

அது மத்தியான மணி அடித்த நேரம். தாழ்வாரத்தில் பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ரேணுகா வாளியை வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து சாம்பார் ஊற்றி வந்தாள். செந்தமிழ் தட்டுக்கு வந்தபோது, யாரும் சொல்லாமலே, காயைத் தள்ளிவிட்டு வெறும் சாம்பாராக ஊற்றினாள். செந்தமிழ் காய் தின்ன மாட்டாள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சின்னக் காரியத்தைப் பார்த்ததும் மலர்கொடிக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

தாழ்வாரத்தில் ஏறி ரேணுகாவின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி எறிந்தாள். சாம்பார் சுவரெல்லாம் தெறித்தது. ஊரில் ஒரு வருஷமாக என்னென்ன சொல்லிக்கொண்டிருந்தாளோ அத்தனையையும் அந்தப் பிள்ளைகள் முன்னால், டீச்சர்கள் முன்னால், சத்தம் போட்டுச் சொன்னாள். சாகக் கொடுத்துவிட்டு ஓடினவள், இப்போது சோறு போட்டுப் பிள்ளைகளை வளைக்கப் பார்க்கிறாள் என்றாள்.

ரேணுகா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“ஓடினேன். இல்லன்னு எப்பயாவது சொன்னனா? தண்ணி மார்பு வரைக்கும் வந்துடுச்சு, எம்புள்ள தோள்ல கத்துறான், ஓடிட்டேன். அத நெனச்சா இன்னிக்கும் எனக்குச் சோறு எறங்கல. ஆனா ஓடறதுக்கு முன்னாடி இன்னா நடந்துச்சுன்னு உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்.”

“ஒண்ணும் நடக்கல. நீ பொய் சொல்ற.”

“எனக்கும் தெரியும்மா” என்றது ஒரு குரல்.

வினோதினி தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் எழுந்து நின்றிருந்தாள். அவள் அழவில்லை. வகுப்பில் பாடம் ஒப்பிப்பவளைப் போலச் சொன்னாள்.

“வெளிய பூட்டியிருந்துச்சு. பெரியம்மா தட்டிகினே இருந்தாங்க. கல்லால பூட்ட அடிச்சாங்க. மாடத்துல சாவியக் காணோம், உங்கம்மா எங்கடி வெச்சான்னு கேட்டு அழுதாங்க. தண்ணி உள்ள வந்துச்சு. அதுக்கப்பறந்தான் சத்தம் நின்னுச்சு.”

மலர்கொடியின் கை தானாக இடுப்புச் செருகலுக்குப் போனது. அங்கே புதுக் கதவின் சாவி இருந்தது.

அந்தத் தெருவில் உப்பளத்துக்குப் போகும் பெண்கள் எல்லாருக்கும் உள்ள வழக்கம் அது. தூங்கும் பிள்ளைகளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு, சாவியை அடுத்த வீட்டுச் சுவர் மாடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். பிள்ளை எழுந்தால் பக்கத்து வீட்டுக்காரி திறந்துவிடுவாள். மலர்கொடியும் வருஷக்கணக்கில் ரேணுகாவின் மாடத்தில்தான் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் சாயங்காலம் குழாயடியில் இருவருக்கும் ஒரு குடம் தண்ணீருக்காக வாய்ச்சண்டை. இவள் மாடத்தில் நான் ஏன் சாவி வைக்க வேண்டும் என்று, மறுநாள் இருட்டில் பூட்டிய கையோடு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உப்பளத்தில் பாத்தி மிதிக்கப் போனாள் மலர்கொடி. அவ்வளவுதான் நடந்தது. கதவைப் பூட்டோடு கடல் கொண்டுபோனது. சாவியை அவள் அன்றைக்கே உப்பளத்து வாய்க்காலில் வீசிவிட்டாள். சாவி ரேணுகாவிடம்தான் இருந்தது என்று அழுதுகொண்டே புருஷனிடம் சொன்னாள். சொல்லிச் சொல்லி அவளே பாதி நம்பியும் விட்டாள்.

உள்ளே இருந்தவள் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள் என்று மட்டும் அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை.

“உனக்கு இத யாரு சொல்லிக் குடுத்தது?” என்றாள்.

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றாள் வினோதினி. யாரும் கேட்கவும் இல்லை. பெரியம்மா தினமும் இருட்டிலேயே வந்து கேட்டைத் திறந்து, செந்தமிழை ஒண்ணுக்குக் கூட்டிப்போய், சமையல் கொட்டகையில் படுக்க வைக்கிறாள் என்றும், அம்மா கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது என்றும் சொன்னாள். “என்னால பொய் சொல்ல முடியலம்மா” என்றாள்.

அதற்கு ஒரு தாய் என்ன செய்திருக்க வேண்டும் என்று நமக்கெல்லாம் தெரியும். மலர்கொடி மகளின் கன்னத்தில் அறைந்தாள். தட்டு விழுந்து சோறு சிதறியது. ரேணுகா பாய்ந்து வந்து குறுக்கே நின்று, இன்னொரு அடி விழுந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன் என்றாள். பெரிய டீச்சர் இருவரையும் வெளியே போகச் சொன்னார்.

செந்தமிழை இழுத்துக்கொண்டு மலர்கொடி வீடு வந்து சேர்ந்தாள். உப்பளத்துக்குத் திரும்பவில்லை. திரும்பினாலும் அங்கே அனுமந்தைக்காரி கூடை சுமந்துகொண்டிருப்பாள். அடுப்புப் பற்ற வைக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்குப் புருஷோத்தமன் வரும் நாள். உப்பு லாரி ஓட்டிக்கொண்டு போகிறவன், வாரம் ஒருமுறை வருவான்.

அவளைப் பயம் பிடித்துக்கொண்டது. கூடப்பிறந்த அண்ணனை அவன் இவள் சொன்ன அந்த ஒரு வரிக்காகத்தான் விட்டான். பலராமன் பாண்டி ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் கிடந்தபோது, லாரியை அந்த ரோட்டிலேயே ஓட்டிக்கொண்டு போனானே தவிர எட்டிப் பார்க்கவில்லை. நடுவாசலில் சுவரை அவன்தான் கல் கல்லாக வைத்துக் கட்டினான். சாவி எங்கே இருந்தது என்று தெரிந்தால் அவன் சுவரோடு நிற்பானா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கமே போய்விடுவானா? அவளுக்கு அந்த மனுஷனின் கோபம் தெரியும். அடிக்க மாட்டான். பேச்சை நிறுத்திவிடுவான், அண்ணனிடம் நிறுத்தியது போல.

பள்ளிக்கூடம் விட்டு வினோதினி வந்தாள். வந்தவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. சுவரைத் தாண்டி நேரே நடந்து, ரேணுகா வீட்டுப் படியில் புத்தகப் பையோடு உட்கார்ந்துகொண்டாள். மலர்கொடி சுவர் முடியும் தெரு முனைக்குப் போய்த் தணிந்த குரலில் முதலில் கூப்பிட்டாள், பிறகு கெஞ்சினாள், பிறகு மிரட்டினாள்.

“அப்பா வந்தா எதையாவது உளறின, உன்னக் கொண்டுபோயி வானூரு ஆஸ்டல்ல தள்ளிடுவேன்.”

வினோதினி பைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். கன்னத்தில் விரல் பதிந்த இடம் இன்னும் சிவந்திருந்தது. ரேணுகா கதவுக்குள் நின்றாள். அவளை உள்ளே வா என்றும் கூப்பிடவில்லை, வீட்டுக்குப் போ என்றும் சொல்லவில்லை.

தெருமுனையில் லாரி நிற்கும் சத்தம் கேட்டது. புருஷோத்தமன் மகள்களுக்கு வாங்கிய மிக்சர் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டு முணுமுணுத்தபடி வந்தான். அண்ணன் வீட்டுப் படியில் தன் பெண் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் பாட்டு நின்றது. முகம் மாறியது. எழுந்து வா என்றான். அவள் எழுந்தாள், ஆனால் வரவில்லை. கன்னத்தைப் பார்த்துவிட்டு, யார் அடித்தது, இந்த வீட்டுப் படியில் உனக்கு என்ன வேலை, இந்த மனுஷி உங்களைச் சாகக் கொடுத்துவிட்டு ஓடினவள் என்று மறந்துவிட்டதா என்று கேட்டான்.

வினோதினி ரேணுகாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

“அம்மாவக் கேளுப்பா” என்றாள். “நான் இங்கயே நின்னு கேக்கறேன்.”

புருஷோத்தமன் சுவரின் இந்தப் பக்கம் திரும்பினான். இவ்வளவு நாள் சொல்லிப் பழகிய அந்த ஒரு வரி மலர்கொடியின் வாயில் தயாராகத்தான் இருந்தது. அந்தப் பக்கத்துப் படியில் வினோதினி அதைக் கேட்பதற்காகக் காத்திருந்தாள்.